பசுமைக்குடிலுக்கு எந்த வெள்ளரி?

பசுமைக்குடில் போட்ட முதல் பருவத்திலேயே பலருக்கு இந்த ஏமாற்றம் நேர்கிறது. கடையில் போய் வெள்ளரி விதை கேட்கிறார்கள். கடைக்காரரும் திறந்தவெளிக்கு உரிய பொட்டலத்தை எடுத்துத் தருகிறார். கொடி செழிப்பாக ஏறுகிறது. பூ நிறையப் பூக்கிறது. பூவின் அடியில் விரல்நுனி அளவுக்குப் பிஞ்சும் தெரிகிறது. நான்கைந்து நாளில் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லை, போரான் குறைவு, தண்ணீர் அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் ஒன்றுதான்: அந்தக் குடிலுக்குள் தேனீ கிடையாது.

சாதாரண வெள்ளரிக் கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாகப் பூக்கும். முதலில் ஆண்பூக்கள் வரும். சில நாள் கழித்துப் பெண்பூக்கள். பெண்பூவின் அடியில் குட்டி வெள்ளரி போல ஒரு பிஞ்சு ஒட்டியிருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். மகரந்தம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். வெள்ளரியின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீதான் எடுத்துப் போக வேண்டும். குடிலைச் சுற்றிப் பூச்சிவலை கட்டியிருக்கிறோம். வெள்ளை ஈயைத் தடுக்கும் அதே வலை தேனீயையும் தடுத்துவிடுகிறது. ஜப்பானீஸ் லாங் கிரீன், பாயின்செட், ஸ்ட்ரெய்ட் எய்ட், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 எல்லாம் வயலுக்கு நல்ல ரகங்கள். வலைக்குள் அவற்றால் காய்க்க முடியாது. காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிட்டால் காய்க்கும்தான். மாடியில் நாலு கொடி வைத்திருப்பவருக்கு அது சாத்தியம். ஆயிரக்கணக்கான கொடி வைத்திருப்பவருக்கு ஆகாது.

ஆகவே பசுமைக்குடிலுக்கான ரகத் தேர்வில் முதல் சல்லடை இது: மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகமா? விதைக்கடைகளில் இதைப் 'பார்த்தினோகார்பிக்' என்றே சொல்கிறார்கள். இந்தக் குணம் உள்ள கொடியில், மகரந்தம் சேராத பெண்பூவும் உதிராமல் காயாக வளரும். உள்ளே விதை முற்றாது. மெல்லிய வெள்ளைத் தடம் மட்டும் இருக்கும். பொட்டலத்தில் இந்தச் சொல் இல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்த விதை குடிலுக்கு வேண்டாம்.

இங்கே இரண்டு குணங்களைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பொட்டலத்தில் 'கைனோசியஸ்' என்று இருந்தால், பெரும்பாலும் பெண்பூக்களே பூக்கும் கொடி என்று பொருள். மகரந்தம் இல்லாமல் காய்க்குமா என்பது வேறு விஷயம். ஒன்று இருப்பதால் மற்றது இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல உதாரணம் ஊறுகாய்க்கான கெர்கின் வெள்ளரி. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏற்றுமதி நிறுவனங்களுக்காக ஒப்பந்த முறையில் பயிராகும் சிறு வெள்ளரி அது. திறந்தவெளிக் கெர்கின் கலப்பினங்களில் பல, பெண்பூ ரகங்கள். ஆனால் அவற்றுக்குத் தேனீ வேண்டும். மகரந்தம் தருவதற்காகவே ஆண்பூ பூக்கும் வேறு ரகத்தின் விதையையும் ஒரு பங்கு கலந்து விற்கும் வழக்கம் உண்டு. 'எல்லாம் பெண்பூதான்' என்ற வார்த்தையை மட்டும் நம்பி அப்படி ஒரு விதையைக் குடிலுக்குள் போட்டால், பெண்பூவாகப் பூத்து, பெண்பூவாகவே உதிரும். நமக்கு இரண்டு குணமும் சேர்ந்து வேண்டும்.

பெண்பூக் குணம் நம் கைக்கு வந்ததே அண்மைக் கதைதான். கொரிய வெள்ளரி ஒன்றில் இருந்த அந்தக் குணத்தை எடுத்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர்சன் என்ற பயிர்ப்பெருக்க அறிஞர் 1960இல் எம்.எஸ்.யூ. 713-5 என்ற தாய்வழியை உருவாக்கினார். அதன்பின் கலப்பின வெள்ளரி விதை உற்பத்தி எளிதாயிற்று. ஒரு கேள்வி எழலாம்: பெண்பூ மட்டுமே பூக்கும் கொடி, விதையில்லாத காய், அப்படியென்றால் அடுத்த வருட விதை எங்கிருந்து வருகிறது? விதை உற்பத்தியாளர்கள் அந்தக் கொடிகளில் சிலவற்றின் மேல் வெள்ளி உப்புக் கரைசலையோ ஜிப்ரலிக் அமிலத்தையோ தெளிப்பார்கள். அப்போது ஆண்பூ வரும். அந்த மகரந்தத்தைக் கையால் எடுத்து வைத்து விதை பிடிக்கிறார்கள். இவ்வளவு கைவேலை இருப்பதால்தான் இந்த விதைகளை எடை போட்டு விற்காமல், எண்ணி விற்கிறார்கள்.

விதையில்லாத ரகம் வைத்த பிறகு வலையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. வலை கிழிந்து தேனீ உள்ளே வந்தால், பக்கத்து வயலின் நாட்டு வெள்ளரி மகரந்தம் இந்தப் பூக்களில் சேர்ந்துவிடும். அப்போது காயின் நுனிப்பக்கம் மட்டும் விதை பிடித்து அங்கே உருண்டு பருத்துவிடும். சீராக இருக்க வேண்டிய காய் கோணலாகி, சந்தையில் இரண்டாம் தரத்துக்குப் போகும். நீளக் காய் ரகங்களில் இது பளிச்சென்று தெரியும். அதே காரணத்தால், ஆண்பூ பூக்கும் ரகத்தையும் விதையில்லா ரகத்தையும் ஒரே குடிலுக்குள் சேர்த்து வைக்காதீர்கள்.

இனி காயின் வடிவத்துக்கு வருவோம். குடிலுக்கான வெள்ளரியில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று ஐரோப்பிய நீள வெள்ளரி. ஓர் அடிக்கும் மேல் நீளும், தோல் மெல்லியது, லேசான வரிகள் இருக்கும். நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் பிரதானமாக விளைவது இதுதான். தோல் மெல்லியதாக இருப்பதால் பறித்ததும் நீரை இழந்து தளர்ந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு காயையும் பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறார்கள். உறை போடும் வசதியும், குளிர்வண்டியும், தினமும் வாங்கும் நட்சத்திர ஓட்டலோ பேரங்காடியோ கையில் இல்லாதவர் இதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது குடும்பம் 'பீட் ஆல்ஃபா'. இஸ்ரேலில் உள்ள ஒரு கூட்டுப் பண்ணைக் குடியிருப்பின் பெயர் அது. மேற்காசியாவில் பச்சையாகக் கடித்துத் தின்னும் வெள்ளரி இதுவே. 14 முதல் 18 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 100 முதல் 150 கிராம் எடை, முள்ளில்லாத வழவழப்பான கரும்பச்சைத் தோல். ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாலிஹவுஸ் வெள்ளரி என்று சொன்னால் பெரும்பாலும் இந்த வகைதான். வெப்பமான நாட்டில் பிறந்து வளர்ந்த குடும்பம் என்பதால் நம் சூழலுக்கு நீள வெள்ளரியைவிட நன்றாக ஒத்துப்போகிறது. இவை தவிர, முள்ளும் சுருக்கமும் கொண்ட ஒல்லியான ஜப்பானிய வகையும் உண்டு. சுவை அருமை. ஆனால் முள்ளைப் பார்த்து நம் ஊரில் வாங்கத் தயங்குகிறார்கள். முன்கூட்டியே பேசி வைத்த ஆள் இருந்தால் மட்டும் பயிரிடலாம்.

தமிழ்நாட்டுச் சந்தையில் கவனிக்க வேண்டிய ஒன்று, வெள்ளரி என்றதும் வீட்டுக்கு வீடு மனத்தில் வரும் உருவம். பேருந்து நிலையத்தில் மிளகாய்ப்பொடி தூவித் தரும் வெளிர்பச்சைப் பிஞ்சு ஒரு பக்கம், மோர்க்குழம்புக்குப் போகும் பெருங்காய் ஒரு பக்கம். கரும்பச்சைச் சிறு வெள்ளரியைச் சாலட்டுக்காக வாங்குபவர்கள் பெரும்பாலும் நகரத்தில், அங்காடிகளில், ஓட்டல்களில். ஆகவே நாற்று விடுவதற்கு முன்பே காயை எடுக்கப்போகிறவரிடம் ஒரு காயைக் கையில் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்: இந்த நிறம் போதுமா, இந்த நீளம் போதுமா, தோல் பளபளப்பு வேண்டுமா, லேசான வரி இருந்தால் கழிப்பீர்களா? ரகத்துக்கு ரகம் மாறுவது இந்த நுணுக்கங்கள்தான். ஒரு கிலோவுக்கு விழும் விலை இதில் இருக்கிறது.

வடிவம் முடிவானதும், நம் மண்ணில் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி வெப்பம். வெள்ளரிக்குப் பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 18 முதல் 20 டிகிரி இருந்தால் கொடி தானாக வளரும். பகல் வெப்பம் 35ஐத் தாண்டிக்கொண்டே போனால் பூ கருகும், பிஞ்சு உதிரும், பெண்பூ ரகத்தில்கூட ஆண்பூக்கள் எட்டிப் பார்க்கும். பூவின் பால் என்பது மரபணு மட்டும் தீர்மானிப்பதல்ல. கொடிக்குள் எத்திலீன் கூடினால் பெண்பூ, ஜிப்ரலின் கூடினால் ஆண்பூ. கடும் வெப்பமும் நீண்ட பகலும் ஆண்பூவின் பக்கம் தள்ளும். மே மாதத்தில் 'விதைக்காரன் ஏமாற்றிவிட்டான், ஆண்பூவாக வருகிறது' என்று புலம்பும்போது, குற்றம் விதையில்தான் என்று உடனே முடிவுகட்டாமல் குடிலுக்குள் தொங்கும் வெப்பமானியையும் ஒருமுறை பாருங்கள்.

ஒசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றோட்டமான குடிலில் வருடம் முழுக்க வெள்ளரி எடுக்க முடிகிறது. அதே குடிலை அதே பாலித்தீன் தாளோடு மதுரையிலோ திருச்சியிலோ போட்டால் சித்திரை, வைகாசியில் உள்ளே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். எந்த ரகமும் அந்த வெப்பத்தில் நல்ல காய் தராது. சமவெளியில் இருப்பவர் முதலில் மாற்ற வேண்டியது ரகத்தை அல்ல, பருவத்தை. ஆடி கழிந்து நட்டு, மாசிக்குள் முடிக்கும்படி திட்டமிடலாம். அல்லது பாலித்தீனுக்குப் பதிலாக நிழல்வலைக் குடிலை நினைக்கலாம். அதன் பிறகுதான் 'கோடையைத் தாங்கும்' என்று விதை நிறுவனம் சொல்லும் ரகத்துக்கு அர்த்தம் வருகிறது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் கதை நேர்மாறு: அங்கே இரவுக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே போனால் கொடி உறைந்ததுபோல் நின்றுவிடும். அங்கே குளிரிலும் வெளிச்சக் குறைவிலும் காய் பிடிக்கும் ரகம் தேவை.

ஐரோப்பிய விதை நிறுவனங்கள் குளிர்கால ரகம், கோடைகால ரகம் என்று பிரித்துத் தருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளரியில் சாம்பல் நோயை வலுவாகத் தடுக்கும் சில மரபணுக்களோடு ஒரு பக்கவிளைவும் சேர்ந்தே வருகிறது: வெளிச்சம் குறைந்த மாதங்களில் இலை தானாக மஞ்சளித்துக் கருகும். நம் சமவெளியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே நமக்கு அந்தப் பயம் குறைவு. இதனால்தான் அங்கே சிறப்பாக விளைந்த ரகம் இங்கே அப்படியே விளையும் என்றோ, அங்கே ஒதுக்கியது இங்கே உதவாது என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டு விளம்பரப் படத்தைவிட, உங்கள் மாவட்டத்தில் அதே மாதத்தில் நட்டவர் கொடி நமக்கு அதிகம் சொல்லும்.

நோய் எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே 'எச்.ஆர்.', 'ஐ.ஆர்.' என்று இரண்டு குறிகள் இருக்கும். முதலாவது உயர் எதிர்ப்பு; சாதாரணச் சூழலில் நோய் பெரும்பாலும் அண்டாது. இரண்டாவது இடைநிலை எதிர்ப்பு. நோய் வரும், ஆனால் மெதுவாக வரும், மருந்துக்கு அடங்கும். இரண்டில் எதுவுமே 'நோய் வராது' என்ற உத்தரவாதம் அல்ல. அவற்றை அடுத்து வரும் சுருக்கெழுத்துகளில் நமக்கு முக்கியமானவை சில. 'பி.எக்ஸ்.' என்பது சாம்பல் நோய். இலையின் மேல் மாவு தூவியது போல வருவது, வறண்ட காற்றிலும் பரவும். 'பி.சி.யூ.' என்பது அடிச்சாம்பல் நோய்; இலை நரம்புகளுக்கு இடையே கட்டங்கட்டமாக மஞ்சள், அடியில் சாம்பல் நிறப் பூசணம், ஈர இலையில் பரவும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பயிர் இருக்கப்போகிறதென்றால் அடிச்சாம்பல் எதிர்ப்பு இல்லாத ரகத்தைத் தொடாதீர்கள். அது ஒரு வாரத்தில் குடில் முழுக்க இலையைக் காயவைத்துவிடும் நோய்.

கோடையில் பயம் வைரஸ். 'சி.எம்.வி.' அசுவினியால் பரவுகிறது; 'சி.வி.ஒய்.வி.', 'சி.ஒய்.எஸ்.டி.வி.' இரண்டும் வெள்ளை ஈயால் பரவுபவை. இந்தியாவில் பூசணிக் குடும்பத்தைப் பெரிதும் வாட்டுவது வெள்ளை ஈ பரப்பும் இன்னொரு வைரஸ்: டொமாட்டோ லீஃப் கர்ல் நியூ டெல்லி வைரஸ். பெயரில் தக்காளி இருந்தாலும் வெள்ளரி, பீர்க்கு, பூசணி எல்லாவற்றையும் பிடிக்கும். 2012இல் ஸ்பெயினில் சுகினியில் இது தென்பட்ட பிறகே ஐரோப்பிய நிறுவனங்கள் இதற்கான எதிர்ப்பைத் தீவிரமாகத் தேடத் தொடங்கின. ஆகவே 'வைரஸ் எதிர்ப்பு ரகம்' என்று பொதுவாகச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். எந்த வைரஸ் என்று பெயரைக் கேளுங்கள். ஒரு வைரஸுக்கான எதிர்ப்பு இன்னொரு வைரஸைத் தடுக்காது.

வைரஸுக்குப் பயந்து வலையை நெருக்கமாகப் போடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 40 மெஷ் வலை பெரும்பாலான பூச்சிகளைத் தடுக்கும், வெள்ளை ஈக்கு 50 மெஷ் வேண்டும். கண் சிறுத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் வெப்பம் ஏறும். வைரஸ் எதிர்ப்பு பலமாக உள்ள ரகம் வைத்திருப்பவர் வலையைச் சற்றுத் தளர்வாக வைத்துக் காற்றோட்டத்தைக் காப்பாற்றலாம். எதிர்ப்பில்லாத ரகம் வைத்தவர் நெருக்கவலையும் போட வேண்டும், வெப்பத்தையும் தாங்க வேண்டும். ரகம், வலை, வெப்பம் மூன்றையும் தனித்தனியாக முடிவெடுக்க முடியாது.

கசப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் வெள்ளரியின் காம்புப்பக்க முனையை வெட்டி, வெட்டிய துண்டாலேயே தேய்த்து நுரை எடுப்பது வழக்கம். கசப்புக்குக் காரணம் குகர்பிட்டாசின் என்ற வேதிப்பொருள். பெரும்பாலும் காம்புப் பக்கமும் தோலை ஒட்டியும் தங்கும். கொடி வெப்பத்தாலோ நீர்ப் பற்றாக்குறையாலோ வாடும்போது கூடும். இன்றைய பாலிஹவுஸ் ரகங்களில் பலவற்றில் இந்தக் கசப்பையே மரபணு வழியாக நிறுத்திவிட்டார்கள், இலைகூடக் கசக்காது. உண்பவருக்கு நல்ல செய்தி. ஆனால் கசப்பு கொடியின் ஆயுதம். 1971இல் 'சயன்ஸ்' இதழில் டா கோஸ்டா, ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இது: கசப்புள்ள வெள்ளரியை வெள்ளரி வண்டு விரும்பி வந்து தின்கிறது, கசப்பில்லாத வெள்ளரியைச் சிலந்திப்பேன் எளிதாகப் பிடிக்கிறது. இரண்டையும் தீர்மானிப்பது ஒரே மரபணு.

வண்டைத் தடுக்க நம்மிடம் வலை இருக்கிறது. ஆனால் செஞ்சிலந்தி எனப்படும் அந்தச் சிலந்திப்பேன் வலைக்குள் நுழைய அதன் சிறு உருவமே போதும். வேலையாளின் சட்டையிலும் நாற்றிலும் ஏறி வந்துவிடும். வெப்பமும் வறட்சியும் கூடிய கோடைக் குடில் அதற்குச் சொர்க்கம். எனவே கசப்பில்லா ரகம் வைத்திருப்பவர் இலையின் அடிப்பக்கத்தை வாரம் இருமுறையாவது உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். கோடைக்காக ரகம் தேர்ந்தெடுக்கும்போது விற்பனையாளரிடம் செஞ்சிலந்தியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பொட்டலத்தின் சுருக்கெழுத்தில் அது இருக்காது.

பொட்டலத்தில் இருக்காத இன்னொன்று வேர்முடிச்சு நூற்புழு. பல வருடம் ஓடிய பாலிஹவுஸ்களை மூட வைக்கும் பெரும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெப்பமும் ஈரமும் வருடம் முழுக்க நீடிக்கும் மண், மழைவெள்ளம் கழுவிப் போகாத மண், தொடர்ந்து வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய் என்று பிடித்த உணவே கிடைக்கும் மண். நூற்புழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் இரண்டு பயிரில் ஒன்றும் தெரியாது. பிறகு நண்பகலில் கொடி வாடும், மாலையில் தேறும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். தக்காளியில் 'மி' என்ற மரபணு நூற்புழுவைத் தடுக்கிறது. மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அதுவும் தளர்ந்துவிடும். நம் குடில்களில் அதிகம் காணப்படும் மெலாய்டோகைனி இன்காக்னிட்டா வகையை எதிர்த்து நிற்கும் பாலிஹவுஸ் வெள்ளரி ரகம் கடையில் கிடைப்பதில்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் எழுத்தில் கேளுங்கள்.

அதனால் 'போன தடவை இந்த ரகம் நன்றாக வந்தது, இந்தத் தடவை ஏன் வரவில்லை' என்று ரகத்தை மாற்றுவதற்கு முன்பு வேரைப் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் புதிய ரகத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். பயிர் இடைவெளியில் மண்ணை நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளால் இறுக மூடி, கோடை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வேகவைப்பது. வேப்பம் புண்ணாக்கோடு பர்ப்பியூரியோசிலியம் லிலாசினம் போன்ற உயிரிப் பூஞ்சையைக் கலந்து இடுவது. நடுவில் ஒரு பருவம் நூற்புழுவுக்கு உணவாகாத துலுக்கச் சாமந்தியை வைப்பது. இவை சேர்ந்தால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம். மண்ணே வேண்டாம் என்று தேங்காய் நார்க்கழிவுப் பைகளுக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே உரநீர்க் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு கொடியின் சுபாவம். சில ரகங்கள் கணுவுக்கு ஒரு காய் வைக்கும். சில ரகங்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று கொத்தாக வைக்கும். படத்தில் கொத்துக் காய் கவர்ச்சியாக இருக்கும். அத்தனை காயையும் ஊட்ட இலையும் வேரும் வேண்டும். உரநீர் சீராகப் போகாத குடிலில் கொத்து ரகம் முதல் இரண்டு வாரம் கொட்டிக் கொடுத்துவிட்டு, நடுவில் பாதிப் பிஞ்சை உதிர்த்துச் சோர்ந்து நிற்கும். சொட்டுநீரில் உரம் செலுத்தும் அனுபவம் இல்லாத புதியவருக்குக் கணுவுக்கு ஒன்றிரண்டு காய் வைக்கும் நிதானமான ரகமே நல்லது என்பது என் கருத்து. எந்த ரகமானாலும் தரையிலிருந்து முதல் ஓர் அடி உயரத்துக்குப் பூவையும் பக்கக் கிளையையும் கிள்ளிவிட வேண்டும். வேர் ஊன்றும் முன்பே காய் வைத்தால் கொடி குட்டையாக நின்றுவிடும்.

பக்கக் கிளை அதிகம் விடும் ரகத்துக்கு ஆள் அதிகம் வேண்டும். நூல் சுற்றுவது, கிளை கிள்ளுவது, முதிர்ந்த இலையை நீக்குவது, மேல்கம்பியைத் தொட்டதும் கொடியைத் தாழ்த்தி இறக்குவது எல்லாம் கைவேலை. ஆள் கிடைக்காத ஊரில் கிளை குறைவான, இலை சிறுத்த, திறந்த அமைப்புள்ள ரகம் தேடுங்கள். காற்றும் மருந்தும் உள்ளே போகும். காயும் கண்ணில் படும். கண்ணில் படாத காய் ஒரே நாளில் முற்றிப் பெருத்துவிடும், மேலே வரும் பிஞ்சுகளையும் உதிர்த்துவிடும்.

பெயர்கள் என்ன என்று கேட்பீர்கள். வெள்ளரி இமயமலை அடிவாரத்தில் காட்டுக்கொடியாக இன்றும் வளரும் பயிர்; அதன் பிறப்பிடமே இந்தியாதான். இருந்தும் பாலிஹவுஸ் விதைகளில் பெரும்பகுதி நெதர்லாந்து, இஸ்ரேல், துருக்கி போன்ற நாடுகளின் நிறுவனங்களிலிருந்து வருகிறது. மல்டிஸ்டார், கியான், ஹில்டன் போன்றவை இந்தியக் குடில்களில் பழகிய பெயர்கள். நம் பொது நிறுவனங்களும் கைகட்டி நிற்கவில்லை. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தந்த பூசா சீட்லஸ் குக்கும்பர் 6, நட்ட 40 முதல் 45 நாளில் முதல் காய் தருகிறது. காய் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர், 100 கிராமை ஒட்டிய எடை. பந்த்நகர் பல்கலைக்கழகம் பந்த் பார்த்தினோகார்பிக் குக்கும்பர் 2, 3 என்ற இரண்டைத் தந்திருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.பி.சி.எச். 1 என்ற கலப்பினம் தென்னிந்திய ஈர வெப்பத்தில் உருவானது என்பதால் நமக்கு அருகில் வருகிறது. பொது நிறுவன விதையை முயன்று பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். விலை குறைவு, சிறு விவசாயிக்கு நுழைவுச் செலவு குறையும். வடக்கே உருவான ரகங்களைத் தென்னாட்டுக் கோடையில் முழுக் குடிலுக்கும் போடாமல், முதலில் கார்த்திகை, மார்கழிப் பயிரில் பார்ப்பது பத்திரம்.

விதை விலையைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர மீட்டர் குடிலுக்குச் சுமார் 2,500 கொடி. ஒரு விதைக்கு இன்னொரு ரகத்தைவிட இரண்டு ரூபாய் கூடுதல் என்றால், மொத்தம் 5,000 ரூபாய் கூடுகிறது. ஒரு கொடிக்கு 3 கிலோ என்று குறைத்து வைத்தாலும் 7,500 கிலோ காய். அந்தக் கூடுதல் செலவு கிலோவுக்கு 70 காசுக்கும் குறைவு. நோய் எதிர்ப்பால் ஒரு வாரம் கூடுதலாகப் பறிக்க முடிந்தாலும், சீரான காயால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைத்தாலும் அது திரும்பிவிடும். விதை விலையில் மிச்சம் பிடிப்பதைவிட, வாங்கிய விதையை முளைக்க வைப்பதில் கவனம் செலுத்தினால் அதிகம் மிச்சமாகும். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, நார்க்கழிவு மிதமான ஈரம், இரண்டு உண்மையான இலை விரிந்ததும் நடவு. வெள்ளரி வேர் குலுக்கலைத் தாங்காது. நாற்று முற்றவிட்டு நட்டால் எந்த ரகமும் ஒரு வாரம் பின்தங்கும்.

புதிய ரகத்தை முழுக் குடிலில் வைத்துச் சோதிக்காதீர்கள். பழகிய ரகம் பெரும்பகுதியில் இருக்கட்டும். புதியதை இரண்டு பாத்தியில் வையுங்கள், ஒன்று குடிலின் நடுவில், ஒன்று ஓரத்தில். ஓரத்துக்கு வெப்பமும் பூச்சியும் அதிகம், நடுவுக்குக் காற்று குறைவு. ஒரே இடத்தில் வைத்தால் ரகத்தின் குணத்தையும் இடத்தின் குணத்தையும் பிரிக்க முடியாது. பறிக்கும் நாளெல்லாம் இரண்டு ரகத்தின் முதல்தரக் காயையும் கழிவையும் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். மொத்த எடையில் முந்தும் ரகம் முதல்தரத்தில் பிந்துவது உண்டு. பறித்த காயில் பத்தை அறை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து எது முதலில் தளர்கிறது என்றும் பாருங்கள். பக்கத்தில் வாழைப்பழம் வைக்காதீர்கள், அதன் வாயு வெள்ளரியை மஞ்சளாக்கும். குளிர்ப்பெட்டியில் வைப்பதானால் 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம்.

விதைப் பொட்டலத்தையும் ரசீதையும் பயிர் முடியும்வரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். தொகுதி எண், முளைப்புத் திறன், காலாவதித் தேதி மூன்றும் அதில் இருக்கும். வேறு ரகம் கலந்து முளைத்தாலோ முளைப்பே வராமல் போனாலோ, வேளாண் அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்தத் தொகுதி எண்ணைத்தான்.